அறுபத்துமூன்று சென்டிமீட்டர்

கோயம்புத்தூர்
3 மார்ச் 2025

சுகுணாவுக்கு,

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். போன வாரம் கம்பெனி போனிலிருந்து அடித்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இருபது வருஷத்துக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அக்காவிடம் பேசினேன். "ஒந்தங்கச்சி ரூம்ல ஏசி கடகடன்னு ஆடுச்சு தம்பி. நேத்தோட நின்னே போச்சு. சன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கு" என்றார்.

மார்ச் இப்போதுதான் பிறந்திருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் புதுக்கோட்டை வெயில் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் கவிழ்ந்து உன் முதுகெலும்பு முறிந்ததிலிருந்து நெஞ்சுக்குக் கீழே உனக்கு வேர்ப்பதில்லை. மற்றவர்களுக்குப் புழுக்கமாக இருப்பது உனக்கு ஜுரமாக ஏறும். போன மே பதினாலாம் தேதி கரண்ட் போய் ஏசி நின்றபோது கதவை உடைத்துத்தான் உன்னைத் தூக்கினார்கள். டாக்டர் சொன்ன டெம்பரேச்சர் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஒன்று, நீ இங்கே வந்து எங்களோடு இருக்க வேண்டும். உன் அண்ணி சத்யா கீழ் அறையை ஒழித்து வைத்துவிட்டாள். இல்லையென்றால் நான் புது ஏசி வாங்கி மாட்டுவேன். என் போனிலேயே பார்த்துக்கொள்ளும் மாடல். அறை எத்தனை டிகிரி, ஓடுகிறதா நிற்கிறதா எல்லாம் எனக்கு இங்கே தெரியும். அதோடு ஹாலில் நான் வைத்த கேமராவின் மேல் நீ போட்ட துணியையும் எடுக்க வேண்டும்.

பதில் போடு.

குணசேகரன்


திருக்கோகர்ணம்
8 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

படித்தேன். கிழிக்கவில்லை. இனிமேல் நாம் கடிதத்திலேயே பேசுவோம். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் மீதியைச் சொல்லிவிடுவீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச வழியில்லை.

உங்கள் இரண்டு யோசனைகளுக்கும் பதில்: வேண்டாம், வேண்டாம்.

நீங்கள் வாங்கித் தந்த சக்கர நாற்காலியில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து, நான் வாசலைத் தாண்டலாமா கூடாதா என்பதை நீங்கள் தீர்மானிக்கத் தொடங்கினீர்கள். நீங்கள் வாங்கித் தந்த போன் நான் எங்கே இருக்கிறேன் என்று உங்களுக்குக் காட்டியது. பிறகு கேமரா வந்தது. ஒருநாள் ஹாலில் நான் தட்டச்சு செய்யும் பத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு அரைமணி நேரம் அழுதேன். அழ வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். உடனே போன் செய்து "எதுக்கு அழுவுற?" என்று கேட்டீர்கள். அன்றைக்குத்தான் துணி போட்டேன். இப்போது என் அறையின் குளிரும் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டுமா?

என் காசில் புதிது வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் நான் சேர்த்திருப்பது பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு. ஏசி வாங்கினால் வண்டி அடுத்த வருஷம். எனக்கு வண்டி இந்த வருஷமே வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் பத்திர எழுத்தர் கண்ணுசாமி சார் எனக்கு மேஜை ஒதுக்கி வைத்திருக்கிறார். காலை எட்டு மணிக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் வெயில் என்னை என்ன செய்யும்? அங்கேயும் ஏசி உண்டு.

ஆகவே பழைய மெஷினை ஓட வைக்கப் போகிறேன். மெக்கானிக் மூக்கன் வந்து பிரித்துப் பார்த்தார். கம்ப்ரஸர், மோட்டார், கேஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது. காற்றைத் தள்ளும் நீள உருளை ஒன்று உள்ளே சுற்றுகிறது, சுற்றிலும் சீப்பு போல் பிளாஸ்டிக் இறக்கைகள். ப்ளோயர் என்கிறார்கள். அதில் ஒரு பக்கம் ஏழெட்டு இறக்கைகள் ஒடிந்துவிட்டன. ஒரு பக்கம் கனம் குறைந்ததால் ஆட்டம். இதுதான் வியாதி.

கம்பெனி ஆளை அழைத்தேன். மாடல் நம்பரைப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு வருசத்து மெஷினுங்க. பார்ட்ஸ் வாரது நின்னு போச்சு. தூக்கிப் போட்டுருங்க" என்றார்.

"எனக்கும் முதுகுல பார்ட்ஸ் வாரதில்ல. என்னையத் தூக்கிப் போட்டுரலாமா?" என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சுகுணா


கோயம்புத்தூர்
14 மார்ச் 2025

சுகுணாவுக்கு,

வாய்ச் சாமர்த்தியத்தால் அறை குளிராது.

நான் இருபத்தெட்டு வருஷமாக பம்ப் கம்பெனியில் இருக்கிறேன். சுற்றுகிற சாமான்கள் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். ப்ளோயர் என்பது கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற பொருள் அல்ல. நீளம், குறுக்களவு, தண்டு நுழையும் துளை, மோட்டார் எந்தப் பக்கம் என்று நான்கும் பொருந்த வேண்டும். ஒரு நூல் கூடினாலும் உள்ளே உரசும். இங்கே காந்திபுரத்திலும் உக்கடத்திலும் ஏழு கடையில் விசாரித்துவிட்டேன். யாரிடமும் இல்லை. உனக்கு உதவ விசாரிக்கவில்லை, இல்லை என்று உனக்குச் சொல்லத்தான் விசாரித்தேன்.

ஸ்கூட்டர் விஷயம் இன்னொரு கூத்து. நிழலில் உட்கார்ந்தே ஜுரம் ஏறுகிற உடம்பை வைத்துக்கொண்டு தார் ரோட்டில் போகப் போகிறாயாம். கண்ணுசாமி சாருக்கு என்ன, மேஜை கொடுப்பார். நீ விழுந்தால் தூக்க வருவாரா?

உன்னிடம் கெஞ்சுவதில் பயனில்லை. சித்திரை ஒன்றுக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன். துணிமணிகளை எடுத்து வை. கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்ளலாம். இங்கேயிருந்தே பத்திரம் தட்டச்சு செய். அதுவரை பகலில் அமிர்தவல்லி அக்கா வீட்டு ஏர்கூலர் முன்னால் இரு. அவரிடம் சொல்லிவிட்டேன்.

குணசேகரன்


திருக்கோகர்ணம்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்ன நான்கு அளவுகளும் சரி. நன்றி. உடைந்த உருளையை மூக்கனைக் கழற்றச் சொல்லி மடியில் வைத்து நானே அளந்தேன். நீளம் அறுபத்துமூன்று சென்டிமீட்டர். குறுக்கே ஒன்பதரை. துளை எட்டு மில்லிமீட்டர். மோட்டார் வலது பக்கம். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று முப்பத்தொரு கடைக்குப் பேசினேன். ஒரு கடைக்காரர் "வீட்ல ஆம்பளைங்க யாரும் இருந்தா குடுங்கம்மா, மாடலச் சொல்லுவாங்க" என்றார். நான்கு அளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "இத எந்த ஆம்பள வந்து சொன்னாலும் அளவு மாறாதுங்க" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். இருக்கிறது என்று பார்சலும் அனுப்பினார். வந்ததை அளந்தால் அறுபத்தைந்து. திருப்பி அனுப்பினேன். பேசியபோது சிரித்தவர் பார்சல் திரும்பியபோது சிரிக்கவில்லை.

அன்றைக்கு மதியம் மனம் விட்டுப்போனது உண்மை. அறையில் முப்பத்தாறு டிகிரி. அமிர்தவல்லி அக்காவின் கூலர் சத்தத்தில் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஈரத்துண்டைத் தோளில் போட்டு, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் கையிலும் வயிற்றிலும் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் கார் ஒரு நிமிஷம் கண்ணில் வந்து நின்றது. ஒரே ஒரு நிமிஷம்தான். மறைக்காமல் சொல்கிறேன்.

பிறகு ஒன்று தோன்றியது. கடையில் இல்லாத மாடல் வீடுகளில் இருக்குமே! மூக்கனைக் கூப்பிட்டு, "இந்த மெஷின மாட்டுன வருசம் இதே மாடல வேற எங்கெங்க மாட்டுனீங்க?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அது கெடக்கு நெறைய. அப்ப இந்த மாடல்தானே ஓடுச்சு" என்றார். உட்கார வைத்து டீ கொடுத்து, தெருத் தெருவாக யோசிக்கச் சொன்னேன். பதினொரு வீடு தேறியது. எல்லாருக்கும் போன் போட்டேன். எட்டு பேர் எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் இன்னும் ஓடுகிறதாம், கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள், நான் வந்து பிடுங்கிக்கொண்டு போவேன் என்று பயந்தார்களோ என்னவோ. ஒரு நம்பர் வேலை செய்யவில்லை.

கடைசி வீடு ஆவூரில். அமலோற்பவம் டீச்சர், ரிட்டையர் ஆனவர். போன வருஷம்தான் புது ஏசி மாட்டினாராம். பழையது மொட்டை மாடியில் கிடக்கிறது. நேரில் வந்து அளந்து பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூக்கனுக்கு வேறு வேலை, அடுத்த வாரம்தான் போவாராம். அதற்குள் யாராவது தூக்கிவிட்டால்?

நானே போகிறேன். ஆட்டோ பேசிவிட்டேன். நீங்கள் காரோடு வர வேண்டாம்.

சுகுணா


கோயம்புத்தூர்
29 மார்ச் 2025

சுகுணா,

இந்தக் கடிதம் நீ ஆவூர் போவதற்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். போகாதே.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்து மாதமாகச் சொல்லாதது. சத்யாவிடம்கூடச் சொல்லவில்லை.

போன மே பதினாலாம் தேதி பகல் இரண்டு பத்துக்கு உன் போன் வந்தது. எம்.டி. எதிரே உட்கார்ந்திருந்தார். புது ஆர்டர் பற்றிப் பேச்சு. உன் பெயரைப் பார்த்தேன். மருந்து கேட்பாய், இல்லை கரண்ட் போய்விட்டது என்று குறைசொல்வாய் என்று நினைத்து கட் செய்தேன். திரும்பக் கூப்பிடும்போது மணி நான்கு. நீ எடுக்கவில்லை. அதற்கப்புறம்தான் அமிர்தவல்லி அக்காவுக்கு அடித்தேன்.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே எல்லாரும் என்னிடம், "நல்லவேளை, அண்ணங்காரரு போன் போட்டீங்க. இல்லாட்டி புள்ள போயிருக்கும்" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

கேமரா ஏன் வைத்தேன் என்று இப்போது தெரிகிறதா? இனி உன் போனுக்காக நான் காத்திருக்கக் கூடாது, நீ கூப்பிடாமலே எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான். உன்னை அடைத்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை.

போகாதே, சுகுணா. சித்திரைக்கு வருகிறேன். வந்துவிடு.

குணா


திருக்கோகர்ணம்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஸ்பீட் போஸ்ட் வந்தபோது நான் ஆவூர் போய்த் திரும்பி மூன்று நாளாகிவிட்டது.

இரண்டு பத்துக் கதையை நீங்கள் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்வது வேறு, நடுவில் கட் ஆவது வேறு. அந்தச் சத்தத்தைக் காதில் கேட்டவள் நான். ஆஸ்பத்திரியில் கண் திறந்த அன்றே நினைவு வந்துவிட்டது. நான் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று தெரியும். கேட்டிருக்க வேண்டும். கேட்காததால்தான் நீங்கள் கேமராவாக மாறினீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காக நீங்கள் உங்களைத் தண்டித்துக்கொள்ளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். என்னைத் தண்டிக்காதீர்கள். அன்றைக்கு என் மீதும் தவறு உண்டு. உங்களுக்கு மட்டும் அடித்தேன். உங்களுக்கும் எனக்கும் நடுவே ஆறு மணி நேரப் பயணம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. இப்போது அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது, பாலாஜியிடம் ஒரு சாவி.

பாலாஜி யார் என்பீர்கள். ஆட்டோ ஓட்டுபவர். ஆவூர்க் கதையைக் கேளுங்கள்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம், நானும் அமிர்தவல்லி அக்காவும். நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டினார்கள். ஐஸ் போட்ட தண்ணீர் இரண்டு கேன், துண்டு நான்கு, தெளிக்கும் பாட்டில், தெர்மாமீட்டர். கீரனூர் தாண்டிப் போகும்போது காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியைத் தவிர நான் எங்கும் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எட்டரைக்கு டீச்சர் வீடு. அவருடைய மகன் மாடியிலிருந்து மெஷினை இறக்கித் தந்தார். அக்காவும் பாலாஜியும் பிரிக்க, நான் அளந்தேன். அறுபத்துமூன்று. ஒன்பதரை. எட்டு. வலது. உருளையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். டீச்சர், "எதுக்கும்மா அழுவுறீங்க, வெறும் பிளாஸ்டிக்குதானே" என்றார். இங்கே துணி போட்டு மறைக்கக் கேமரா ஒன்றும் இல்லை என்று நன்றாகவே அழுதேன்.

அவர் விடவில்லை, இட்லி சாப்பிட வைத்தார். பேச்சில் நேரம் போய், கிளம்பப் பத்தரை ஆகிவிட்டது. அது என் தவறு. நடு வழியில் ஆட்டோ நின்றது. பெட்ரோல் குழாயில் அடைப்பு. ஒரு புளியமரம், அதற்கு அங்கிட்டும் இங்கிட்டும் வெயில். அரைமணியில் காது சூடாகி, தலை கனத்தது. தெர்மாமீட்டர் நூற்றியொன்றரை காட்டியது. அக்கா பயந்துபோய், "அண்ணனுக்குப் போன் போடவா?" என்றார்.

"அண்ணன் கோயம்புத்தூர்ல இருந்து தண்ணி ஊத்துவாராக்கா? நீங்க ஊத்துங்க" என்றேன்.

துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைக்கச் சொன்னேன். மடியில் ஒரு கேன் முழுக்க ஊற்றச் சொன்னேன். பாலாஜி தன் சட்டையைக் கழற்றி விசிறினார். கொஞ்ச நேரத்தில் நூறுக்கு இறங்கியது. ஆட்டோவும் உயிர் பெற்றது. வீடு வந்து சேரும்போது தொண்ணூற்றொன்பது. பயந்தேனா? பயந்தேன். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து பயந்தேன். போன மே மாதம் எனக்கு அது தெரியாது.

இப்போது வேலைக்கு வருவோம். உருளை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதன் இடது முனையைத் தாங்கும் ரப்பர் புஷ், என்னுடையதும் ஆவூர் மெஷினுடையதும் இரண்டுமே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டன. புஷ்ஷின் நடுவே இருக்கும் சின்ன பேரிங் நன்றாக இருக்கிறது. புஷ் இல்லாமல் ஓட்டினால் புது உருளையும் ஒடியும் என்கிறார் மூக்கன். அளவுகளைத் தனித்தாளில் படம் போட்டு இணைத்திருக்கிறேன்.

உங்கள் கம்பெனியில் ரப்பர் கடைவார்களா? கடைவார்கள் என்றால் ஒன்று செய்து தபாலில் அனுப்புங்கள். ஒரு கடைக்காரரிடம் கேட்பதுபோல் கேட்கிறேன். அளவு சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவேன்.

சுகுணா


கோயம்புத்தூர்
17 ஏப்ரல் 2025

சுகுணாவுக்கு,

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

பதிமூன்றாம் தேதி நான் வந்தபோது காரில் பின்சீட்டைக் கழற்றியிருந்ததை நீ பார்த்திருப்பாய். உன் கட்டிலுக்காக. சட்டைப்பையில் ரப்பர் புஷ் மூன்று இருந்தது. பம்ப் சீலுக்கு வரும் ரப்பரில் நானே லேத்தில் உட்கார்ந்து கடைந்தேன். கட்டிலுக்கு இடம், கையில் புஷ், இரண்டையும் எதற்குக் கொண்டுவந்தேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கரூர் தாண்டியும் தெரியவில்லை.

உள்ளே வந்தால் நீ தலையில் ஈரத்துண்டோடு, "அந்த ஸ்க்ரூவ மொதல்ல முடுக்காதீங்க மூக்கண்ணே, உருளை நேரா நிக்கிதான்னு பாத்துட்டு முடுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே. புஷ்ஷு எங்க?" என்றாய். எப்போது வந்தீர்கள், சாப்பிட்டீர்களா, எதுவும் இல்லை. நான் பையில் கையை விட்டேன்.

முதல் புஷ்ஷை அளந்துவிட்டு அரை மில்லி பெரிது என்று திருப்பிக் கொடுத்தாய். எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில்கூட அதைப் பாஸ் செய்திருப்பார்கள். இரண்டாவதைப் போட்டுச் சுவிட்சை அழுத்தினோம். சத்தமே இல்லாமல் காற்று வந்தது. மூக்கன் கை தட்டினார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. உருளையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

துணிமணிகளை எடுத்து வைத்தாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே வாய் வரவில்லை.

காலியான காரோடு திரும்பினேன். சத்யா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "எங்க?" என்றாள். "அவ வீட்ல இருக்கா" என்றேன். கீழ் அறையில் மறுபடி துணி காயப்போட்டுவிட்டாள்.

வண்டி பற்றி எனக்கு இன்னும் பயம்தான். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அது என் பயம், நான் வைத்துக்கொள்கிறேன்.

குணா


திருக்கோகர்ணம்
10 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கத்திரி வெயில் ஆரம்பித்து ஒரு வாரம். வெளியே நாற்பதைத் தொட்டது. என் அறை இருபத்தாறு. நான் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மெஷின் ஓடுகிறது.

வண்டி வந்துவிட்டது. சிவப்பு. நாற்காலியிலிருந்து அதில் மாறி உட்கார முதல் நாள் இருபது நிமிஷம் ஆனது, இப்போது நாலு நிமிஷம். காலை ஏழே முக்காலுக்குக் கிளம்பி எட்டுக்குள் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போய்விடுகிறேன். மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புகிறேன். கண்ணுசாமி சார் கதவுக்குச் சாய்தளம் போட்டுத் தரவில்லை. மூன்று நாள் வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தேன். நான்காம் நாள் சிமென்ட் பூசியாயிற்று.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். கூப்பிடலாம். தினமும் வேண்டாம்.

இன்னொன்று. மூக்கன் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "பழைய மெஷினுக்குப் பார்ட்ஸ் கெடைக்கலையா? திருக்கோகர்ணத்துல ஒரு அக்கா இருக்கு, தேடிக் குடுத்துரும்" என்கிறாராம். இதுவரை நான்கு பேர் வந்தார்கள். ஒருவருக்கு போர்டு, இன்னொருவருக்கு ரிமோட் சென்சார், இரண்டும் தேடிக் கொடுத்துவிட்டேன். நேற்று மீமிசலிலிருந்து அன்புச்செல்வி என்று ஒரு பெண் போன் செய்தாள். அவள் அம்மாவுக்கு உடம்பு முழுக்கத் தீக்காயம் ஆறிய தழும்பு. அந்தத் தோலும் வேர்க்காதாம். வெளி யூனிட்டின் ஃபேன் மோட்டார் கருகிவிட்டது, பழைய மாடல், எங்கேயும் இல்லை என்று எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். எனக்கா சொல்கிறீர்கள், இல்லை என்று?

மதுரையில் இல்லை. திருச்சியில் இல்லை. ஆனால் உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த மாடல் வெளி யூனிட் இரண்டு கிடப்பதாகத் தகவல். விலாசமும் அளவும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். தண்டின் நீளத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள். சுற்றும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் சரி என்று தலையாட்டி வாங்கிவிடாதீர்கள். முதலில் போட்டோ எனக்கு வர வேண்டும், நான் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள்.

சனிக்கிழமை மதியத்தோடு உங்கள் ஷிஃப்ட் முடிந்துவிடுகிறது. இரண்டு மணிக்குள் போய் நில்லுங்கள். மூன்று மணிக்குக் கடையை அடைத்துவிடுவாராம்.

சுகுணா